கோடு வந்துவிடும், கணக்கு வராது
கேபினட் வரைபடம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஷட்டர் (அலமாரிக் கதவு) டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைவது பற்றி நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மென்பொருள் ஆளுக்கு ஒன்று, ஆனால் சுற்றி வளைத்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஒரு தடவை மெனக்கெட்டு வரைந்த டிசைனை அடுத்த வேலைக்கு எடுத்துப் போட்டால் ஏன் கலைந்துபோகிறது? பெரும்பாலும் ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன், காசு கொடுக்காமல் யாரும் இறக்கிப் பார்க்கலாம் என்பதால். மற்றவற்றில் மெனுவின் பெயர் மாறும், விஷயம் மாறாது.

கேள்வி: ஷேக்கர் ஷட்டருக்கு (நடுவில் பலகை, சுற்றிச் சட்டம்) ஸ்கெட்ச் போட்டு, நான்கு பக்கமும் 60 மி.மீ. ஃப்ரேம் வைத்து, எல்லாக் கோட்டுக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் கொடுத்து வைத்திருக்கிறேன். கோடுகளைக் காப்பி செய்து வேறு அகலமுள்ள ஷட்டரில் ஒட்டினால் கோடு வருகிறது, பாதி அளவுகளைக் காணோம். மவுஸால் பிடித்து இழுத்தால் எல்லாம் ஆடுகிறது. ஒவ்வொரு ஷட்டருக்கும் மறுபடி உட்கார்ந்து கட்ட வேண்டியதுதானா சார்?
(மாடுலர் கிச்சன் பட்டறை, கோவை)

பதில்: வேண்டாம். ஆனால் மூல ஸ்கெட்சை ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். கன்ஸ்ட்ரெயின்ட் என்பது கோடுகளைக் கட்டிப்போடும் விதி, பெரும்பாலும் இரண்டு பொருளுக்கு நடுவில் இருப்பது. உங்கள் 60 மி.மீ. எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் நீங்கள் வரைந்த உள்கோடு, மறுபக்கம் பழைய ஷட்டரின் ஓரம். அந்த ஓரம் நீங்கள் வரைந்த கோடு இல்லை, எக்ஸ்டர்னல் ஜியாமெட்ரி என்று வெளியே இருந்து இழுத்து வந்தது. காப்பி எடுக்கும்போது நீங்கள் தேர்ந்தெடுத்த கோடுகளும் அந்தக் கோடுகள் தங்களுக்குள் வைத்திருக்கும் உறவுகளும்தான் கூட வரும், வெளியே பிடித்துக்கொண்டிருந்த உறவு அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் செங்குத்து, கிடைமட்டம், மூலை சேர்வது எல்லாம் ஒழுங்காக வருகிறது, 60 மட்டும் காணாமல் போகிறது.

செய்ய வேண்டியது இது. ஷட்டரின் வெளிச் செவ்வகத்தை ஸ்கெட்சுக்குள்ளேயே வரைந்து அதைக் கன்ஸ்ட்ரக்‌ஷன் கோடாக மாற்றிவிடுங்கள். அது வெட்டுக்கு வராது, அளவு பிடித்துக்கொள்ள மட்டும். அதன் ஒரு மூலையை ஆரிஜின் (பூஜ்ய) புள்ளியில் கட்டுங்கள். அகலம், உயரம் என்று இரண்டே அளவு, இரண்டுக்கும் பெயர் கொடுங்கள். மற்ற எல்லா உள்கோடும் இந்தச் செவ்வகத்தைத்தான் பிடித்திருக்க வேண்டும், வேறு எதையும் தொடக் கூடாது. அப்புறம் 60-ஐ நான்கு தடவை எழுதாதீர்கள். ஒரு இடத்தில் எழுதி அதற்கு 'ஃப்ரேம்' என்று பெயர் வையுங்கள், மற்ற மூன்றும் அந்தப் பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். ஈக்வல் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். அது கோட்டுக்கும் கோட்டுக்கும்தான் போடலாம், இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்துக்குப் போட முடியாது. போட்டே ஆகவேண்டும் என்றால் அந்த இடைவெளியில் ஒரு சின்னக் கன்ஸ்ட்ரக்‌ஷன் கோடு வரைந்து கொள்ளலாம். எனக்குப் பெயர் வைப்பதுதான் பிடிக்கும், ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் புரியும்.

இப்படிச் செய்த ஸ்கெட்சை எங்கே ஒட்டினாலும் குடும்பத்தோடு வரும். ஃப்ரீகேட் 1.0-லிருந்து ஸ்கெட்சுக்குள்ளேயே கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி வேலை செய்கிறது. முழு ஸ்கெட்சும் வேண்டும் என்றால் கார்பன் காப்பி என்று ஒரு பொத்தான் இருக்கிறது, இன்னொரு ஸ்கெட்சின் கோடுகளையும் கன்ஸ்ட்ரெயின்ட்டுகளையும் அள்ளிக்கொண்டு வரும். ஆனால் அதில் அளவுகள் மூல ஸ்கெட்சைப் பார்த்துக்கொண்டே இருக்கும், இதைப் பற்றிக் கீழே மதுரை வாசகருக்குச் சொல்கிறேன். மூன்றாவது வழி, இடதுபக்கப் பட்டியலில் ஸ்கெட்சையே டூப்ளிகேட் செய்து வேறு இடத்தில் உட்கார வைப்பது. உட்கார வைக்கும்போது பெட்டியின் ஏதோ ஒரு முகத்தின் மேல் ஒட்டாதீர்கள், அடிப்படைத் தளத்தையோ நீங்களே வைத்த டேட்டம் தளத்தையோ (கற்பனைத் துணைத் தளம்) பிடியுங்கள். முகத்தின் மேல் ஒட்டியது, பெட்டியில் ஒரு துளை கூடினாலும் வேறு முகத்துக்குத் தாவும் பழக்கம் ஃப்ரீகேட்டில் வெகுநாளாக உண்டு. 1.0-ல் நிறையச் சரிசெய்திருக்கிறார்கள், முழுக்கப் போய்விடவில்லை.

கேள்வி: ஃப்ரீகேட்டில் ஸ்கெட்ச் பச்சை ஆகிவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமா?
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: எதுவும் ஆடாது என்று அர்த்தம், சரியாக மாறும் என்று அர்த்தம் இல்லை. சிலர் பொறுமை இழந்து, மிச்சம் இருக்கும் கோடுகளுக்கெல்லாம் பிளாக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு அங்கேயே ஆணி அடித்துவிடுகிறார்கள். பச்சை ஆகிவிடும், அகலத்தை மாற்றினால் வெளிச்சட்டம் மட்டும் நகரும், உள்ளே இருப்பது மரம் மாதிரி நிற்கும். அகலத்தை 300-க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், பிறகு 900-க்கு. ஒரே தாவாகத் தாவாமல் ஐம்பது ஐம்பதாக ஏற்றுங்கள், பெரிய தாவலில் சில சமயம் கோடு மறுபக்கம் புரண்டுவிடும். இரண்டு கோடியிலும் ஒழுங்காக நின்றால் அந்த ஸ்கெட்சை லைப்ரரியில் வைக்கலாம். சாலிட்வொர்க்ஸ், ஃப்யூஷன் ஆகிய மென்பொருள்களைப் பயன்படுத்துபவர்களுக்கு அங்கே நீலம் என்றால் ஆடுகிறது, கறுப்பு என்றால் கட்டியாயிற்று. மற்றபடி இதே சோதனைதான்.

கேள்வி: பூஜை ரூம் கதவுக்கு ஒரு ஜாலி (துளைப்பின்னல் வேலை), 50 மி.மீ. வட்டத்துக்குள் தாமரை, வட்டத்துக்கு வட்டம் 20 இடைவெளி, ஓரத்தில் 60 சட்டம். 450 அகல ஷட்டரில் அருமையாக உட்கார்ந்தது. அதே பார்ட்டி மாடி ரூமுக்கு 600 அகலம் கேட்கிறார்கள். ஸ்கெட்சப் மென்பொருளில் ஸ்கேல் பிடித்து இழுத்தேன், வட்டமெல்லாம் முட்டையாகிவிட்டது, சட்டமும் தடித்துவிட்டது. ஆசாரி பார்த்துச் சிரிக்கிறார்.
(இன்டீரியர் கான்ட்ராக்டர், தஞ்சாவூர்)

பதில்: சிரிக்கத்தான் செய்வார். 450-ஐ 600 ஆக இழுத்தால் 60 சட்டம் 80 ஆகும், 50 வட்டம் அகலவாக்கில் 66 சொச்சம் ஆகும், உயரவாக்கில் 50-லேயே நிற்கும். ஸ்கேல் என்பது நீங்கள் பிடித்த திசையில் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் இழுப்பது. ஜாலியில் அப்படி இழுபடக் கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை. ஒரு ஜாலியை எடுத்துக்கொண்டால் அதில் மாறவே கூடாதது ஒன்று உண்டு, பூ. அகலத்துக்குத் தக்கபடி கூடிக் குறைய வேண்டியது ஒன்று, பூக்களின் எண்ணிக்கை. கடைசியில் வரும் மிச்சத்தை யாராவது ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும், அது இடைவெளியா ஓரச் சட்டமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மென்பொருள் முடிவு செய்யாது.

நிறையப் பேர் மிச்சத்தை இடைவெளியில் பிரித்துவிடுகிறார்கள். சட்டம் 60-லேயே நிற்கட்டும், இடைவெளி 15-க்குக் குறையாமல் எவ்வளவு வந்தாலும் வரட்டும், சட்டத்துக்கும் முதல் பூவுக்கும் நடுவிலும் அதே இடைவெளி என்று வைத்தால், 450-ல் நாலு பூவும் 26 இடைவெளியும் வரும், 600-ல் ஏழு பூவும் 16.25 இடைவெளியும் வரும். கணக்கு சரி. இரண்டு கதவையும் ஒரே வீட்டில் பார்ப்பவருக்கு ஒன்று ஓட்டையாகவும் இன்னொன்று நெருக்கமாகவும் தெரியும், இரண்டு டிசைன் போட்டுவிட்டான் என்பார்கள்.

நான் சொல்வது மிச்சத்தை ஓரச் சட்டத்துக்குத் தள்ளுங்கள் என்பது. இடைவெளி 20, மாறாது. அகலத்தில் இருந்து இரண்டு பக்கமும் குறைந்தபட்சச் சட்டம் 120-ஐக் கழித்து, 20-ஐக் கூட்டி, 70-ஆல் வகுத்து, தசமத்தை வெட்டிவிட்டால் பூக்களின் எண்ணிக்கை. 450-க்கு 350-ஐ 70-ஆல் வகுத்தால் ஐந்து, சட்டம் சரியாக 60. 600-க்கு 500-ஐ 70-ஆல் வகுத்தால் 7.14, ஆக ஏழு பூ, அவை பிடிக்கும் இடம் 470, சட்டம் பக்கத்துக்கு 65. சட்டத்தில் ஐந்து மி.மீ. கூடியது யார் கண்ணிலும் படாது. உயரத்துக்கும் இதே சூத்திரம்: 1800 என்றால் 24 வரிசை, மேலும் கீழும் 70.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 500 அகலம் வந்தால் ஐந்து பூதான் பிடிக்கும், சட்டம் 85 ஆகிவிடும், கொஞ்சம் குண்டாகத் தெரியும். சுவரைப் பிரிக்கும் உரிமை உங்கள் கையில் இருந்தால் ஷட்டர் அகலத்தையே 450, 520, 590 என்று 70, 70-ஆகப் போடுங்கள், எல்லாவற்றிலும் சட்டம் 60-லேயே நிற்கும். உரிமை இல்லை என்றால் 85-ஐ ஒப்புக்கொண்டு சட்டத்தின் உள்பக்கம் ஒரு மெல்லிய காடி (பள்ளக் கோடு) ஓட்டிவிடலாம். இன்னொன்று, ஒற்றைக் கதவில் நட்ட நடுவில் பூ வரவேண்டும் என்று சில வீடுகளில் கண்டிப்பாகக் கேட்பார்கள். அப்போது எண்ணிக்கை ஒற்றைப்படையாக வேண்டும்: வந்த எண்ணில் ஒன்றைக் கழித்து, இரண்டால் வகுத்து, தசமத்தை வெட்டி, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். ஆறு வந்தால் ஐந்து ஆகும், ஏழு ஏழாகவே இருக்கும். இரட்டைக் கதவுக்கு இந்தத் தொல்லை தேவையில்லை, நடுவில் எப்படியும் கதவு சேரும் கோடுதான்.

ஸ்கெட்சப்பில் இதைச் செய்ய டைனமிக் காம்பொனென்ட் (சூத்திரத்தால் தானே மாறும் பாகம்) வேண்டும், 2008-ல் ஏழாம் பதிப்போடு வந்தது. கன்ஸ்ட்ரெயின்ட் என்று அதில் தனியாக எதுவும் கிடையாது, சூத்திரம்தான். வெளியே கதவு ஒரு காம்பொனென்ட், உள்ளே பூ ஒரு காம்பொனென்ட், பூவுக்குக் காப்பீஸ் என்ற பண்பைச் சேர்த்து அதில் மேலே சொன்ன எண்ணிக்கைச் சூத்திரம். கவனிக்க வேண்டியது, காப்பீஸ் என்பது மூலத்தைத் தவிர எத்தனை நகல் என்பது, எனவே ஐந்து பூவுக்கு நாலு வரவேண்டும், சூத்திரத்தின் கடைசியில் ஒன்றைக் கழியுங்கள். ஒவ்வொரு நகலின் இடத்துக்கும் 'சட்டம் கூட்டல் நகல் எண் பெருக்கல் 70' என்று எழுதினால் போதும், நகல் எண்ணை அதுவே தரும். பூவின் மூலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், நடுப்புள்ளியில் வைத்திருந்தால் 25 கூட்ட வேண்டிவரும்.

ஃப்ரீகேட்டில் இன்னும் சுலபம், ஆனால் ஒரு எச்சரிக்கை. 450-க்கு 1800 கதவில் ஐந்துக்கு 24, நூற்றிருபது பூ. அத்தனையும் ஒரே ஸ்கெட்சில் கன்ஸ்ட்ரெயின்ட்டோடு போட்டால் ஒரு அளவை மாற்றிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஸ்கெட்சில் ஒரே ஒரு பூ, அதை வெட்டி, அந்த வெட்டை லீனியர் பேட்டர்னில் (வரிசையாக நகல் போடும் கட்டளை) பெருக்குங்கள். எண்ணிக்கைக் கட்டத்தில் நேரடியாகச் சூத்திரம் எழுதலாம், தசமத்தை வெட்ட ஃப்ளோர் என்ற சார்பு இருக்கிறது. அடுத்த வேலைக்கு வேறு பூ கேட்டால் அந்த ஒரு ஸ்கெட்சை மட்டும் மாற்றினால் போதும்.

ரூட்டர் பிட்டையும் (வெட்டும் மெஷினில் சுழலும் அலகு) மறக்காதீர்கள். 6 மி.மீ. பிட் என்றால் உள்மூலை எல்லாம் 3 மி.மீ. ஆரத்தில்தான் விழும், தாமரை இதழின் கூர்முனை திரையில்தான் கூராக இருக்கும். பூவைச் சின்னதாக்கி இன்னொரு கதவுக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் முதலில் இதழுக்கு இதழ் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள், பிட் நுழையாத இடத்தை மெஷின் வெட்டாமலே விட்டுவிடும்.

கேள்வி: மாஸ்டர் ஃபைலில் ஃப்ரேம் அகலத்தை 60-லிருந்து 70 ஆக்கினேன். போன வருடமே வெட்டி மாட்டிவிட்ட வீட்டின் ஃபைலும் சேர்ந்து மாறியிருக்கிறது. இப்போது அந்த வீட்டில் ஒரு ஷட்டர் உடைந்து, புதிதாக வெட்டி அனுப்பினால் பக்கத்து ஷட்டரோடு சேரவில்லை. லிங்க் போடுவதே தப்பா?
(ஃபர்னிச்சர் டிசைனர், மதுரை)

பதில்: லிங்க் தப்பில்லை, வெட்டின பிறகும் லிங்க்கை விட்டுவைத்ததுதான் வினை. டிசைன் பேசிக்கொண்டிருக்கும் வரை லிங்க் மாதிரி வசதி கிடையாது, பார்ட்டி தினம் ஒரு அகலம் சொல்லுவார், ஒரு இடத்தில் மாற்றினால் பதினாலு ஷட்டரும் மாறும். அட்வான்ஸ் வாங்கிக் கட்டிங் லிஸ்ட் பட்டறைக்குப் போன அன்றைக்கு அந்த வேலையை உறையவைத்துவிட வேண்டும். அந்த வேலைக்கென்று ஒரு ஃபோல்டர், அதில் மாஸ்டர் ஃபைலின் நகல், மெஷினுக்குப் போன டிஎக்ஸ்எஃப் என்ற வரைபட ஃபைல், ஆசாரி கையில் கொடுத்த பிடிஎஃப். லிங்க் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் நகலைத்தான் பார்க்க வேண்டும், பொது லைப்ரரியை அல்ல. மூன்று வருடம் கழித்து ஒரு ஷட்டர் கேட்டாலும் அந்த டிஎக்ஸ்எஃப் பேசும்.

மேலே சொன்ன கார்பன் காப்பிக்கும் இதுதான். நகலில் இருக்கும் அளவுகள் மூலத்தின் அளவுகளைச் சூத்திரமாகப் பிடித்திருக்கும். மூலத்தில் 60-ஐ மாற்றினால் நகலிலும் மாறும், ஆனால் மூலத்தில் புதிதாக ஒரு கோடு சேர்த்தால் நகலுக்கு வராது. பாதி உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுக்க வேண்டும் என்றால் அந்தச் சூத்திரத்தை நீக்கிவிட்டு எண்ணைத் தட்டுங்கள். சாலிட்வொர்க்ஸில் டிரைவ்டு ஸ்கெட்ச் என்று ஒன்று, அதில் உறவு முழுசு: மூலம் மாறினால் மாறும், நகலில் நீங்களாக ஒரு கோடு சேர்க்கவோ அழிக்கவோ விடாது. அன்டிரைவ் கொடுத்தால்தான் தனியாக வரும். ஸ்கெட்சப்பில் அதற்கு மேக் யூனிக் என்ற கட்டளை. ஃப்ரீகேட் லிங்க்கில் காப்பி ஆன் சேஞ்ச் என்று ஒரு பண்பு உண்டு, ஒரே மாஸ்டரை வைத்து ஒவ்வொரு ஷட்டருக்கும் அகலத்தை மட்டும் தனித்தனியாக மாற்ற அது தோதானது. பதினாலு ஷட்டருக்குப் பதினாலு ஃபைல் வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைப் பழகினால் நல்லது.

கேள்வி: எல்லாவற்றையும் 18 மி.மீ. என்று வைத்து வரைந்தேன். டிராயர் சேனலில் (டிராயர் ஓடும் தண்டவாளம்) ஏறவே இல்லை, இரண்டு பக்கமும் ரந்தா (இழைப்புளி) போட வேண்டியதாயிற்று. வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது?
(சென்னை, அம்பத்தூர்)

பதில்: 18 என்பது கடைக்காரர் பில்லில் எழுதுவது. வெர்னியரை வைத்துப் பார்த்தால் ப்ளைவுட் 17.5 காட்டும், அதற்கு வெளியே ஒட்டும் 1 மி.மீ. மைக்காத் தகடு, உள்ளே ஒட்டும் 0.8 லைனர் தகடு, பசை, எல்லாம் சேர்ந்து இருபதைத் தொடும். 600 அகலப் பெட்டிக்கு 18 என்று கணக்குப் போட்டால் உள்ளகலம் 564, சேனலுக்குப் பக்கத்துக்கு 13 விட்டு டிராயர் 538. உண்மையான தடிமன் 20 என்றால் உள்ளகலம் 560, டிராயர் 534 ஆக வேண்டும். நாலு மி.மீ. அதிகமாக இருக்கும் டிராயர் எந்தச் சேனலிலும் ஏறாது.

ஸ்கெட்சில் எங்கெல்லாம் 18 என்று எண் தட்டியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் 'தடிமன்' என்ற பெயர் வரவேண்டும். எண் ஒரே இடத்தில், ஸ்ப்ரெட்ஷீட்டில். நான் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டை மூன்றாகப் பிரித்து வைப்பேன். முதலில் அளந்தது: ப்ளைவுட், மைக்கா ஒட்டின பிறகு உள்ள தடிமன், எட்ஜ் பேண்ட் (ஓரத்தில் ஒட்டும் பட்டை) தடிமன். அடுத்தது நாம் முடிவு செய்தது: பெட்டி அகலம், ஷட்டருக்கு ஷட்டர் 3 மி.மீ. கேப், ஃப்ரேம் அகலம். மூன்றாவது கணக்கில் தானாக வருவது: உள்ளகலம், டிராயர் அகலம், தட்டு நீளம். மூன்றாவது பகுதியில் கை வைக்கவே கூடாது, அங்கே ஒரு எண்ணைத் தட்டினால் சூத்திரம் செத்துவிடும், அடுத்த வேலையில்தான் தெரியும். புது லோடு ப்ளைவுட் வந்தால் முதல் பகுதியை மட்டும் அளந்து மாற்றுங்கள்.

எட்ஜ் பேண்டைப் பற்றி ஒரு சொல். 2 மி.மீ. பேண்ட் நான்கு பக்கமும் ஓட்டினால் ப்ளைவுட்டை இரண்டு திசையிலும் 4 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் ஓரத்தைச் சீவும் மெஷின் என்றால் அது சீவும் அளவைத் திரும்பக் கூட்ட வேண்டும். இதெல்லாம் ஷட்டர் ஸ்கெட்சுக்குள் போகக் கூடாது, கட்டிங் லிஸ்ட் சூத்திரத்தில் இருக்கட்டும். ஸ்கெட்ச் எப்போதும் மாட்டின பிறகு இருக்கும் அளவு.

கேள்வி: ஹின்ஜஸ் (கீல்) துளைகளையும் ஷட்டர் டிசைனோடு சேர்த்தே ஒரே ஸ்கெட்சில் வைக்கலாமா? ஒரே ஃபைலாக இருந்தால் வசதி என்று பார்க்கிறேன்.
(ஈரோடு வாசகர்)

பதில்: வைக்காதீர்கள். டிசைன் பார்ட்டியின் இஷ்டம், துளை ஹின்ஜஸ் கம்பெனியின் இஷ்டம், இரண்டும் வேறு வேறு காரணத்துக்காக மாறும். 35 மி.மீ. கப் (ஹின்ஜஸ் உட்காரும் வட்டக் குழி) எல்லாருக்கும் பொது, ஆனால் பக்கத்தில் இருக்கும் இரண்டு திருகுத் துளைக்கு ஒரு கம்பெனி 45-க்கு 9.5 (துளைக்குத் துளை 45, கப் மையக்கோட்டில் இருந்து 9.5 தள்ளி) என்று வைத்திருக்கும், இன்னொன்று 48-க்கு 6, வேறொன்று 52-க்கு 5.5. ஒவ்வொன்றுக்கும் தனிச் சின்ன ஸ்கெட்ச் போட்டு, கப்பின் மையத்தை ஆரிஜினில் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் ஓரத்தில் இருந்து கப் விளிம்புக்கு 5 மி.மீ. என்றால் மையம் 22.5-ல் விழும். மேலிருந்தும் கீழிருந்தும் முதல் ஹின்ஜஸுக்கு 100 மி.மீ. என்று நான் வைப்பேன், உள்ளே தட்டு எங்கே வருகிறது என்று பார்த்துக் கொஞ்சம் நகர்த்துவேன்.

சைடு பேனலில் 32 மி.மீ. சிஸ்டம் துளைகளும் (தட்டு, ஹின்ஜஸ் மாட்டும் வரிசைத் துளைகள்) தனி ஸ்கெட்ச்: முன் ஓரத்தில் இருந்து 37, துளைக்குத் துளை 32, விட்டம் 5. ஷட்டர் பெட்டிக்கு உள்ளே அடங்கும் வகை என்றால் அந்த 37-ஓடு ஷட்டர் தடிமனையும் கூட்ட வேண்டும், எனவே அதிலும் 'தடிமன்' என்ற பெயர்தான், எண் அல்ல. இந்த வரிசையை மட்டும் முன் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் பார்த்துக் கட்டுங்கள், பெட்டியின் நடுக்கோட்டைப் பார்த்துக் கட்டினால் ஆழம் மாறும்போது துளைகள் எல்லாம் பின்னால் போய்விடும். இடது பேனல், வலது பேனல் என்று இரண்டு வரையாமல் ஒன்றை வரைந்து மிரர் எடுங்கள்.

கேள்வி: ஒரு டிசைனை வரைந்து அதையே பல இடத்தில் போடுவது, மூலத்தை மாற்றினால் எல்லாம் மாறுவது, இதெல்லாம் எப்போது வந்தது? எங்கள் சார் ஆட்டோகேட் 2010-ல்தான் கன்ஸ்ட்ரெயின்ட் வந்தது என்கிறார்.
(பாலிடெக்னிக் மாணவி, சேலம்)

பதில்: ஆட்டோகேட்டுக்கு அப்போதுதான் வந்தது, உங்கள் சார் சொன்னது சரி. அளவு மாற்றக்கூடிய தயார்ப் படமான டைனமிக் பிளாக் 2006 பதிப்பிலேயே இருந்தது. ஆனால் யோசனை அதைவிட ரொம்பப் பழசு. அமெரிக்காவில் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் 1963-ல் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற நிரலிலேயே இரண்டும் இருந்தன. லிங்கன் ஆய்வுக்கூடத்தின் டிஎக்ஸ்-2 என்ற கணினியில், திரை மேல் ஒளிப்பேனாவால் வரைவது. கோடுகள் இணையாக இரு, சம நீளமாக இரு என்று கட்டளை போடலாம். ஒரு படத்தை மாஸ்டராக வைத்து எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாஸ்டரைத் திருத்தினால் நகல் எல்லாம் திருந்தும். உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன்: அவர் ஆய்வேட்டில் முதலில் காட்டும் உதாரணமே ஒரு ஜாலிதான். அறுகோணம் ஒன்றை வரைந்து, அதை ஒட்டி ஒட்டி 900 அறுகோணம் கொண்ட தேன்கூட்டு வலையாக்கினார், கணினியில் அரை மணி நேர வேலை. அப்புறம் மூல அறுகோணத்தை எடுத்துவிட்டு அரைவட்டத்தை வைத்தால் அதே வலை மீன்செதில் மாதிரி மாறிவிடுகிறது. தஞ்சாவூர்க்காரருக்கு நான் சொன்ன 'ஒரு பூ ஸ்கெட்சை மாற்றினால் போதும்' என்பது அறுபது வருடத்துக்கு முந்தைய வித்தை.

பட்டறைக்காரர்கள் கைக்கு வந்தது வெகுநாள் கழித்து. 1980-களின் கடைசியில் ப்ரோ-இன்ஜினியர் என்ற மென்பொருள் வந்த பிறகுதான் அளவுக்குப் பெயர் வைத்து மாடலை மாற்றும் பழக்கம் தொழிற்சாலைகளில் பரவியது, 1995-ல் சாலிட்வொர்க்ஸ் வந்து அதைச் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு இறக்கியது.

கேள்வி: வேறு மென்பொருளில் நான்கு வருடமாகச் சேர்த்த ஷட்டர் லைப்ரரி இருக்கிறது. வருடச் சந்தா கட்டி மாளவில்லை, ஃப்ரீகேட்டுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். ஸ்டெப் ஃபைலாக (மென்பொருள்களுக்குப் பொதுவான முப்பரிமாண ஃபைல்) எடுத்துக் கொண்டுவந்தால் கன்ஸ்ட்ரெயின்ட்டும் வருமா?
(ஓசூர் வாசகர்)

பதில்: வராது. ஸ்டெப் ஃபைலில் வடிவம் வரும், டிஎக்ஸ்எஃப்பில் கோடு வரும், அந்தக் கோடு ஏன் அங்கே இருக்கிறது என்பது வராது. ஒவ்வொரு மென்பொருளும் கன்ஸ்ட்ரெயின்ட்டைத் தன் பாணியில் எழுதி வைத்திருக்கிறது, ஒன்றின் எழுத்து இன்னொன்றுக்குப் புரியாது. சந்தா முடிவதற்குள் ஒன்று செய்யுங்கள்: ஒவ்வொரு டிசைனையும் திறந்து, பாராமீட்டர் பட்டியலைச் சூத்திரத்தோடு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதி எடுங்கள், பக்கத்தில் அளவுப் பெயர்கள் தெரியும்படி ஸ்கெட்சின் படம் ஒன்று. நான்கு வருட லைப்ரரியில் உண்மையில் திரும்பத் திரும்ப வெட்டுவது பத்துப் பன்னிரண்டு டிசைனாகத்தான் இருக்கும், அவற்றை மட்டும் புதிதாக வரையுங்கள். டிஎக்ஸ்எஃப்பை அடியில் வைத்து அதன் மேல் வரைந்தால் வடிவம் தப்பாது. மற்றவை ஸ்டெப்பாகக் கிடக்கட்டும், பழைய பார்ட்டி யாராவது கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.